அலமாரி அம்மாவும் பித்தளைக் குடமும்

அமெரிக்காவிலிருந்து வந்த டச்சுக்கார அலமாரி எங்கள் அருங்காட்சியகத்தின் வாசலுக்குள் நுழைய மாட்டேன் என்று நின்றபோது, கொக்குமேட்டுக் குப்பத்து ஆண்கள் பதினான்கு பேர் அதைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். காலை வெட்டிவிடலாம் என்றான் ஒருவன், தலையை அறுத்துவிடலாம் என்றான் இன்னொருவன், கடைசியில் அலமாரிக்கு வலிக்காமல் சுவரை இடிப்பது என்று முடிவாகி, இடித்து, தூக்கி உள்ளே வைத்து, மறுநாளே செங்கல் அடுக்கிப் பூசி வெள்ளையும் அடித்துவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து அது திரும்பிப் போக வேண்டிய இரவல் பொருள் என்பது பூச்சு காய்ந்த பிறகுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. வேலையில் அவ்வளவு சுத்தம் எங்கள் ஆட்கள்.

என் பெயர் சிக்கந்தர். உலகத்தை ஜெயித்தவன் பெயரை வைத்துக்கொண்டு பழவேற்காட்டு ஏரிக்கரையில் இரண்டு அறை கொண்ட ஓர் அருங்காட்சியகத்தைக் கட்டி ஆள்கிறேன். காப்பாளர், டிக்கெட் கிழிப்பவர், பெருக்குபவர், வௌவால் விரட்டுபவர் எல்லாம் நானே. டச்சுக்காரர்கள் ஒரு காலத்தில் இங்கே வந்து கோட்டை கட்டி, பூப்போட்ட துணி வாங்கிக் கப்பலேற்றி, காய்ச்சல் வந்து செத்து, மண்டையோடு செதுக்கிய கல்லறைகளில் படுத்துக்கொண்டார்கள். அதே டச்சுக்காரர்கள், அதே காலத்தில், உலகத்தின் அந்தக் கோடியில் ஹட்சன் ஆற்றங்கரையிலும் கடை விரித்து, பீவர் என்கிற பல் நீண்ட தண்ணீர்ப் பிராணியின் தோலை வாங்கித் தொப்பி செய்துகொண்டிருந்தார்கள். இங்கே வாங்கிய துணி அங்கே போயிருக்கிறது, அங்கத்திய தொப்பி இங்கே வந்திருக்கிறது; அந்தப் பழைய உறவைக் கொண்டாட, ஹட்சன் கரையிலிருக்கும் ஒரு சின்ன ஊரின் அருங்காட்சியகம் எங்களுக்குப் பதினொரு பொருள்களை ஆறு மாத இரவலாக அனுப்பியது. நீலப் படம் போட்ட ஓடுகள், புகை பிடிக்கும் களிமண் சுங்கான், பனியில் சறுக்கும் இரும்புச் செருப்பு, பிறகு இந்த அலமாரி. கருத்த மரம், இரண்டு கதவு, யானைக் கால் போலக் கால்கள். சாவி தொலைந்து வெகு காலம் ஆனதாகக் காகிதத்தில் எழுதியிருந்தது.

அது வந்த மூன்றாம் நாள் மதியம், பூனைக்குப் பயந்து என் சாப்பாட்டுக் கேரியரை அதற்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். மணி ஒன்று. ஏரிக்கரை வரை போய்விட்டு இரண்டு மணிக்கு வந்து திறந்தால் கேரியர் இல்லை. அதே இடத்தில் ஒரு ஈயத் தட்டும், தட்டில் கட்டம் கட்டமாக அச்சு விழுந்த, அதிரசத்துக்கு அக்காள் மகள் போலிருந்த ஒரு பலகாரமும் சூடாக இருந்தன. நான் பசியோடு இருந்தேன், சாப்பிட்டேன். வெண்ணெய் தாராளம், இனிப்பு சுமார்.

வீட்டுக்குப் போய் நடந்ததை நடந்தபடி என் மனைவி ஷம்ஷாத்திடம் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்.

"சரி, கேரியர் எங்கே?"

கேரியர் எங்கே என்று அன்று மாலையே தெரிந்துவிட்டது. ஹட்சன் கரை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் ஹென்ட்ரிக்ஸ் அம்மையார் கண்காட்சி எப்படிப் போகிறது என்று விசாரித்து அனுப்பிய கடிதத்தோடு, தங்களிடம் மட்டுமே இருக்கும் ஓர் அபூர்வப் பொருளின் படத்தையும் இணைத்திருந்தார். 'மூன்றடுக்கு உலோகப் பாத்திரம், ஏறக்குறைய 1655, கீழ்த்திசை வணிகத்தில் வந்தது, வழிபாட்டுக்குப் பயன்பட்டிருக்கலாம்.' படத்தில் மேல் மூடியில் புள்ளி புள்ளியாக எழுத்து தெரிந்தது: 'சிக்கந்தர் – ஷம்ஷாத் நிக்காஹ் நினைவாக.' நம் ஊரில் பாத்திரத்தில் பேர் வெட்டாமல் யார் சீர் கொடுக்கிறார்கள்? அந்தக் கேரியர் தங்களிடம் தொடக்கக் காலத்திலிருந்து இருப்பதாகவும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் பார்க்கவே வண்டி கட்டிக்கொண்டு வருவதாகவும் அம்மையார் எழுதியிருந்தார். ஆக, ஒரு மணிக்கு இங்கே உள்ளே போகும் பொருள், இரண்டு மணிக்குள் அங்கே முந்நூற்றைம்பது வருஷம் பழையதாகிவிடுகிறது. ஷம்ஷாத்துக்கு இதில் ஒரு சந்தோஷம், நம் கல்யாணம் அவ்வளவு காலம் தாங்கியிருக்கிறதே என்று.

செய்தி ஒரு நாளில் குப்பம் முழுக்கப் பரவியது. யாரும் வாயைப் பிளக்கவில்லை, யாரும் பூசாரியைக் கூப்பிடவில்லை. அலமாரிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு டச்சுக்கார அம்மாள் இருக்கிறாள், கொடுத்தால் கொடுக்கிறாள் என்பது அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. அவர்களுடைய கவலையெல்லாம் ஒன்றே ஒன்று, யார் முதலில் என்பதுதான். அதற்குக் குப்பத்தின் நாட்டார் கோதண்டம் கூட்டம் போட்டார்.

நாட்டார் என்றால் குப்பத்துத் தலைவர். கோதண்டம் நல்ல மனிதர்தான், ஆனால் புதிதாக எதையாவது கேட்டால் "ஆதியில இருந்து வழக்கம் இல்லை" என்பார், பழையதாக எதையாவது கேட்டால் "ஆதியில இருந்து வழக்கம்" என்பார். இரண்டுக்கும் நடுவில் அவர் யோசித்து யாரும் பார்த்ததில்லை. அலமாரிக்கு ஆதி வழக்கம் ஏது? அவர் அதற்கும் ஒன்று கண்டுபிடித்தார். எங்கள் ஏரியில் மீன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடைக்காது. நல்ல இடம் கொஞ்சம், வலைகள் அதிகம். அதனால் வருஷத்துக்கொருமுறை பங்குனியில், வீட்டுக்கு ஒரு பெயராகச் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்து, இன்றைக்கு இந்த இடம் இவன் வலைக்கு, நாளைக்கு அவன் வலைக்கு என்று முறை வைப்பார்கள். இதற்குப் பாடு என்று பெயர். பாடு உள்ளவன்தான் குப்பத்தில் மனிதன்.

"ஏரியும் பொது, அலமாரியும் பொது," என்றார் கோதண்டம். "ஏரிக்கு இன்னா வழக்கமோ அதே வழக்கம். வீட்டுக்கு ஒரு மத்தியானம். வெள்ளிக்கிழமை பாய்க்கு லீவு, அன்னிக்கு யாருக்கும் மொற கெடையாது."

அறுபத்திரண்டு வீடு, அறுபத்திரண்டு சீட்டு. அடுத்த நாளிலிருந்து அலமாரியில் பாடு நடந்தது.

அந்த மாதங்களைப் போலச் சந்தோஷமான மாதங்களை நான் பார்த்ததில்லை. ஒருவன் கருவாடு வைத்துப் பீவர் தொப்பி வாங்கினான், ஒருவன் நைலான் வலை வைத்து ஒரு ஜாடி நிறைய வெண்ணெய்க்கட்டி வாங்கினான், அதன் நாற்றத்தில் அவன் தெருவுக்கே யாரும் போகவில்லை. ஒரு வீட்டுக்கு வெங்காயம் போல ஒரு கூடைக் கிழங்கு வந்தது. குழம்பு வைத்தார்கள், வாயில் வைக்க முடியாமல் கொல்லையில் கொட்டினார்கள், மார்கழியில் அங்கே சிவப்பும் மஞ்சளுமாகப் பூ பூத்து ஆடு தின்றது. பனிச் சறுக்குச் செருப்பு ஒரு ஜோடி வந்தபோது அதை என்ன செய்வதென்று ஆண்கள் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, பெண்கள் அதை வாங்கிப் பலகையில் ஆணி அடித்துத் திருப்பி வைத்தார்கள். அதைப் போல் வஞ்சிரம் அரியும் அரிவாள்மணை பழவேற்காட்டிலேயே கிடையாது.

அலமாரி அம்மாள் நியாயமானவள், ஆனால் கோபக்காரி. நல்லதை வைத்தால் நல்லதைக் கொடுப்பாள். தேசப்பன் என்பவன் கெட்டிக்காரத்தனமாக ஓட்டைப் பிளாஸ்டிக் குடத்தை வைத்தபோது, ஒற்றைக் கால் மரச்செருப்பும் அதற்குள் ஒரு செத்த எலியும் வந்தன. அதற்கப்புறம் யாரும் அவளிடம் வாலாட்டவில்லை. அவளைப் பற்றிப் பேசும்போது, மூன்று தெரு தள்ளியிருக்கும் ஒரு கறாரான மளிகைக்காரியைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசினார்கள்.

அந்தப் பக்கத்திலும் காரியங்கள் நடந்தன. ஹென்ட்ரிக்ஸ் அம்மையாரின் கடிதங்களில் அவற்றை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். யாரோ வைத்த ஹவாய் செருப்பு அங்கே 'கடல்வழி வணிகரின் சடங்குக் காலணி' ஆகியிருந்தது. டிசம்பர் மாதத்தில் குழந்தைகள் அடுப்பங்கரையில் மரச்செருப்பை வைத்துப் பரிசுக்குக் காத்திருப்பது டச்சுக்காரர்கள் கொண்டுவந்த பழக்கமாம், ஆனால் அந்த ஊரில் மட்டும் நினைவு தெரிந்த நாளிலிருந்து நீல வார் போட்ட ரப்பர் செருப்பைத்தான் வைக்கிறார்களாம். ஊர்த் திருவிழாவில் கருவாட்டுக் குழம்பு உண்டாம். எப்படி வந்த பழக்கம் என்று கேட்டதற்கு, தெரியவில்லை, ஆதியிலிருந்தே இருக்கிறது என்று எழுதினார். எனக்குக் கோதண்டம் நினைவு வந்தது.

கோதண்டம் தம் முறையில் ஒரு பெரிய எவர்சில்வர் தட்டு வைத்தார். பொன்னேரிப் பாத்திரக்கடைக்கு நேரில் போய், 'கொக்குமேட்டுக் குப்பம் நாட்டார் கோதண்டம்' என்று விளிம்பு முழுக்கப் பேர் வெட்டிக்கொண்டு வந்து வைத்தார். பதிலுக்கு அவருக்கு வந்தது எல்லாவற்றிலும் பெரிய பீவர் தொப்பி. அதைவிடப் பெரியது ஒரு வாரத்தில் வந்தது: அந்தத் தட்டு அமெரிக்காவில் கண்ணாடிப் பெட்டிக்குள், 'கொக்குமேட்டுத் தலைவரின் தட்டு, ஏறக்குறைய 1655' என்ற அட்டையோடு நிற்கும் படம். அதைப் பெரிதாக அச்செடுத்துச் சட்டம் போட்டு, கோயில் மண்டபத்தில் ஆணி அடித்து மாட்டினார். மாட்டிய அன்று குப்பத்தையே கூட்டி, கொதிக்கிற வெயிலில் ரோமத் தொப்பியோடு நின்று பேசினார்.

"பாத்துக்கோங்க. முந்நூத்தி அம்பது வருசமா எங்க வம்சந்தான் நாட்டார். நான் சொல்லலை, அமெரிக்காக்காரன் சொல்றான்."

எல்லோருக்கும் அந்தத் தட்டு எந்தக் கடையில் எப்போது வாங்கியது என்று தெரியும். கைதட்டினார்கள். கையைத் தட்டாமல் எழுந்து நின்றவள் தேசராணி ஒருத்திதான்.

தேசராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் புருஷன் பாளையம் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. இரண்டும் பெண் பிள்ளைகள். ஆண் இல்லாத வீட்டின் பெயரைச் சீட்டில் எழுதுவதில்லை என்பதால், அவன் போன வருஷமே அந்த வீட்டின் பாடும் போய்விட்டது. படகை வாடகைக்கு விட்டுவிட்டு அவள் கையால் இறால் தடவப் போனாள். இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் மண்டியிட்டு, சேற்றுக்குள் இரண்டு கையாலும் துழாவிப் பிடிக்கிற வேலை அது. கை இரண்டும் சேற்றில் இருக்கும் என்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். வாயைத் திறந்தால் பறி போய்விடும், பறி போனால் அன்றைய சோறு போய்விடும். தினமும் ஏழு எட்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் பதினோரு வருஷம் இருந்து பழகி, கரையிலும் அவள் அதிகம் பேசுவதில்லை. ஊமைக் கோட்டான் என்று சிலர் சொல்வதுண்டு. நான் சொன்னதில்லை, ஆனால் சொன்னவர்களைத் தடுத்ததும் இல்லை.

"மாமா," என்றாள். "எம் புருசன் இருந்த வரைக்கும் எங்க வூட்டுக்கும் மொற இருந்துச்சு. இப்பவும் படகு கீது. வலை கீது. வலை உடத் தெரிஞ்ச ரெண்டு பொண்ணுங்க கீது. மொற மட்டுந்தான் இல்லை. இந்தப் பங்குனியிலயும் இல்லைன்னா படகை வித்துட்டு, பொண்ணுங்க ரெண்டையும் இறால் கம்பெனிக்கு உரிக்க அனுப்புறதுதான். எங்க பேரையும் சீட்டுல எழுதிப் போடு மாமா."

அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. கோதண்டம் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"இந்தாம்மே, பொம்பளைக்குப் பாடுன்றது ஆதியில இருந்தே கெடையாது."

"ஆதியை யாரு மாமா பாத்தா?"

"யாரு பாத்தாவா?" கோதண்டம் சட்டம் போட்ட படத்தைத் தட்டிக் காட்டினார். "தோ, இது ஆதி. நாட்டார்னு ஒருத்தன் இருந்தான், அதுக்குத் தட்டு கீது. பொம்பளைக்குப் பாடுன்னு ஒண்ணு இருந்திருந்தா அதுக்கும் ஒரு சாமான் அங்க கண்ணாடிக்குள்ள இருக்கும்ல? போ, காட்டு. காட்டுனா இந்தப் பங்குனியிலயே உம் பேரை நானே எழுதுறேன். கோயில்ல நின்னுக்கினு சொல்றேன், வாக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு மாசி வந்தது. அலமாரி திரும்பிப் போகும் நாள் குறித்தாகிவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஆட்கள் வந்து சுவரை மறுபடி இடிப்பார்கள். கடைசி வெள்ளிக்கிழமை மதியம், ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பி அருங்காட்சியகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பூட்டிக்கொண்டிருந்தபோது, தேசராணி இடுப்பில் ஒரு பித்தளைக் குடத்தோடு வந்து நின்றாள். குடத்தைத் துண்டால் மூடியிருந்தாள்.

"இன்னைக்கு லீவு," என்றேன்.

"தெரியும் பாய். லீவு நாள்ல யாருக்கும் மொற கெடையாது. யாருக்கும் இல்லாத மொறைய நான் எடுத்தா, அது யாரு வாயில இருந்து புடுங்குனதா ஆவும்?"

அவள் துண்டை எடுத்தாள். கல்யாணத்தில் அவள் அம்மா வீட்டில் கொடுத்த சீர்க் குடம். கழுத்தில் பழைய எழுத்து, 'பாளையம் – தேசராணி 12-6-2003.' அதற்குக் கீழே, வயிற்றைச் சுற்றி, புதிதாக வெட்டிய எழுத்து மின்னியது. 'கொக்குமேட்டுக் குப்பத்தில் ஆம்பளை இல்லாத வீட்டுக்கும் ஏரியில் ஒரு முறை உண்டு. இப்படிக்கு தேசராணி.'

அதை நான் இரண்டு தடவை படித்தேன். அவள் வீட்டில் பித்தளை என்று இருந்தது அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். உள்ளே போனால் திரும்பி வராது என்று அவளுக்கும் தெரியும்.

"நாட்டாருக்குத் தெரிஞ்சா?" என்றேன்.

"தெரியட்டும். அவருக்குத் தெரியறதுக்குத்தான பாய் இம்மாம் பெரிய எழுத்து!"

நான் பயந்த சுபாவம். குப்பத்து ஆட்கள் தயவில்தான் என் அருங்காட்சியகத்துக்குக் கூரை நிற்கிறது, மழைக்கு முன்னால் அவர்கள்தான் ஓடு மாற்றிக் கொடுப்பார்கள். ஆனால் கோயில் மண்டபத்தில் நானும் சிரித்த அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. முன்கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"பின்கதவுத் தாழ்ப்பாள் ஆறு மாசமா சரியில்லை," என்றேன். "யாராவது தள்ளுனா திறந்துக்கும். சரிபண்ணணும்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன், மறந்து மறந்து போகுது. நான் தொழுகைக்குப் போறேன்."

தாழ்ப்பாள் நன்றாகத்தான் இருந்தது. அதை நான்தான் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால், இடுப்பில் குடத்தோடு அவள் தூரத்தில் வருவதைப் பார்த்தபோது, எடுத்துவிட்டிருந்தேன். தொழுகையில் அன்று என் மனசு நிற்கவில்லை, அல்லாஹ் மன்னிக்கட்டும்.

இரண்டு மணிக்கு வந்து பார்த்தபோது அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் திறக்கவில்லை. "நீங்களே தொறங்க பாய், எனக்குக் கை ஓடலை," என்றாள். திறந்தேன். குடம் போய்விட்டிருந்தது. அந்த இடத்தில், தேய்த்துப் பளபளவென்று, மூக்கு வைத்த ஒரு செப்புக் கெண்டி இருந்தது. ஆறு மாதத்தில் எத்தனையோ சாமான் வந்திருக்கிறது, ஆனால் இதில் ஒரு புதுசு இருந்தது. வயிற்றில், ஆணியால் குத்திய புள்ளிகள். கோடு நேராக இல்லை, ஒரு எழுத்து பெரிது, ஒரு எழுத்து சிறிது, இரண்டு இடத்தில் ஆணி வழுக்கியிருந்தது. வேலை தெரிந்தவர்கள் வெட்டியதில்லை. யாரோ ஒருத்தி மடியில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அவசர அவசரமாகக் குத்தியிருக்கிறாள்.

"இன்னா எழுதிக்கீது?"

"க்ரீத்யே," என்று படித்தேன். "பேரு."

"யாரு பேரு?"

"அந்த அம்மா பேரா இருக்கும். இத்தனை நாளும் சொன்னதில்லை."

"புருசன் பேரு?"

"இல்லை. அவ பேரு மட்டுந்தான்."

தேசராணி அந்தப் புள்ளிகளின் மேல் ஒவ்வொன்றாக விரலை ஓட்டினாள். அப்புறம் கெண்டியைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்கதவு வழியாகப் போனாள். அவள் போனதும் தாழ்ப்பாளை மாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை சுவரை இடித்தார்கள், அதே பதினான்கு பேர், அதே ஆளுக்கொரு யோசனை. அலமாரி லாரியேறிப் போனது. பிரிவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முறை முடிந்தது, அவ்வளவுதான். லாரி திரும்பும்போது ஒரு சிலர் தொப்பியை எடுத்து ஆட்டினார்கள்.

அன்று நான் ஹென்ட்ரிக்ஸ் அம்மையாருக்கு எழுதினேன், உங்களிடம் எழுத்து வெட்டிய பித்தளைக் குடம் ஏதாவது இருக்கிறதா என்று. பதில் மறுநாளே வந்தது, கொஞ்சம் வருத்தத்தோடு. இதையா கேட்கிறீர்கள், எங்கள் முகப்பு மண்டபத்தில் முதலில் நிற்பதே அதுதானே, உங்களிடமிருந்து வந்ததால்தானே உங்களோடு உறவே ஏற்பட்டது என்று எழுதியிருந்தார். அது க்ரீத்யே என்ற வியாபாரம் செய்த விதவை ஒருத்தியின் வீட்டுச் சாமானாம். கழுத்தில் இருக்கும் எண்கள் கப்பல் மூட்டையின் அடையாளமாக இருக்கலாம் என்று ஓர் அறிஞர் சொல்லியிருக்கிறாராம். வயிற்றில் இருக்கும் வாசகத்தைத்தான் அந்த ஊர்ப் பெண்களின் படகுக் குழு தங்கள் கொடியில் எழுதிக்கொண்டு ஆற்றில் போகிறதாம், எத்தனை தலைமுறையாக என்று யாருக்கும் தெரியாதாம். படம், அட்டை, முத்திரை குத்திய சான்று எல்லாம் இணைத்திருந்தார். 'ஏறக்குறைய 1660' என்றது அட்டை.

பங்குனிச் சீட்டு அன்று கோயில் மண்டபத்தில் குப்பமே கூடியிருந்தது. கோதண்டம் தொப்பியோடு வந்திருந்தார்; அதைக் கழற்றினால் வம்சமே கழன்றுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, வியர்வை காதோரம் இரண்டு வாய்க்காலாக ஓடியது. அறுபத்திரண்டு சீட்டும் எழுதியாகிவிட்டது. தேசராணி எழுந்து என்னைப் பார்த்தாள். நான் எழுந்து, அம்மையாரின் கடிதத்தைத் தமிழில் படித்தேன். படத்தை ஆள் ஆளாகக் கைமாற்றினார்கள். கடைசியில் அது கோதண்டத்தின் கைக்கு வந்தது.

அவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை.

"இது போன மாசம் பொன்னேரியில வெட்டுன எழுத்து," என்றார்.

"ஆமா மாமா," என்றாள் தேசராணி. "உன் தட்டு எங்க வெட்டுனது?"

எல்லோர் கண்ணும் ஆணியில் தொங்கிய சட்டத்துக்குப் போயிற்று, பிறகு தொப்பிக்கு, பிறகு குடத்தின் படத்துக்கு. குடம் பொய்யென்றால் தட்டும் பொய், தட்டு பொய்யென்றால் முந்நூற்றைம்பது வருஷமும் பொய். கோதண்டத்தின் உதடு இரண்டு தடவை அசைந்தது. ஆதியிலிருந்து என்று தொடங்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. எப்படி முடிப்பார் என்றுதான் தெரியவில்லை.

"ஆதியில இருந்து," என்றார் கோதண்டம். தொப்பியைக் கையால் அழுத்திக்கொண்டார். "ஆதியில இருந்து உள்ள வழக்கந்தான். நடுவுல நாமதான் மறந்துட்டோம். சீட்டு குடுங்கடா இங்க."

சொன்ன வாக்குப்படி அவரே எழுதினார். அறுபத்து மூன்றாவது சீட்டு. மண்டபத்தின் கடைசியில் இன்னும் நான்கு பெண்கள், ஆண் இல்லாத வீட்டுப் பெண்கள், மெதுவாக எழுந்து நின்றார்கள். கோதண்டம் அவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு இன்னும் நான்கு சீட்டு கிழித்தார். அன்று மாலைக்குள் குப்பத்தில் பாதிப் பேருக்கு, தங்கள் வம்சத்தில் எந்தெந்தப் பெண் எந்தெந்த இடத்தில் வலை விட்டாள் என்பது பெயரோடு நினைவுக்கு வந்துவிட்டது. தேசப்பன் ஒரு படி மேலே போய், அந்தப் பித்தளைக் குடத்தில் தன் முப்பாட்டன் தண்ணீர் குடித்ததாகச் சொன்னான்.

தேசராணியின் முறை சித்திரை இரண்டாம் வாரத்தில் விழுந்தது. விடியற்காலையில் நானும் கரைக்குப் போனேன்; வேலை ஒன்றும் இல்லை, பார்க்க வேண்டும் போலிருந்தது. ஏரி அசையாமல் கிடந்தது. அவள் மகள்கள் இரண்டு பேரும் வலையை ஏற்றிவிட்டார்கள். செப்புக் கெண்டியில் கஞ்சி. ஓலைப் பறியை மட்டும் அவள் கரையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் படகில் ஏறினாள். அதன் விளிம்பில் பல் பதிந்து பதிந்து ஓலை கறுத்துத் தேய்ந்திருந்தது.

படகு பத்து கோல் தூரம் போயிருக்கும். பேச ஆரம்பித்தாள்.

பெரியவளைத் துடுப்பு பிடிக்கத் தெரியவில்லை என்று திட்டினாள், சின்னவளைச் சிரிக்காதே என்று திட்டினாள், காற்றைத் திட்டினாள், மீனை உறவுமுறை வைத்துக் கூப்பிட்டாள், செத்துப்போன பாளையத்திடம் பதினோரு வருஷத்துக் குப்பத்துச் செய்தியை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சாவு, எந்த வருஷம் புயல், பெரியவளுக்கு அம்மை போட்டபோது யார் வந்து பார்த்தார்கள், யார் வரவில்லை என்று ஒன்று விடாமல். தண்ணீரின் மேல் குரல் தெளிவாக வந்தது. வெயில் ஏறியும் அது நிற்கவில்லை.

பக்கத்தில் யாரோ வந்து நின்றதுபோலிருந்து திரும்பினேன். கோதண்டம். தொப்பி கையில் இருந்தது. தலை நரைத்து, நெற்றியில் தொப்பி அழுத்திய வளையம் சிவந்திருந்தது.

"இம்மாம் பேச்சு பேசுவாளா பாய் இவ?" என்றார்.

"எனக்கும் இப்பத்தான் தெரியும்," என்றேன்.

படகு தன் இடத்துக்குப் போய்விட்டது. வலையை விடுவதற்கு முன்னால் தேசராணி எழுந்து நின்று கரையைப் பார்த்துக் கத்தினாள்.

"பாய்! நான் பேசுறது கேக்குதா?"

கேட்கிறது என்று நான் சொல்வதற்குள், என் பக்கத்திலிருந்து கோதண்டம் தொப்பியை உயர்த்தி ஆட்டியபடி கத்தினார்.

"கேக்குது தாயி! நல்லா கேக்குது!"